நாணயம் வைத்தது முதல் பந்து உருளும் வரை: கோல்ஃப் பட்டிங்குக்கு முன் எந்தச் சடங்கு?

பதினெட்டாவது கிரீன். குழிக்கும் என் பந்துக்கும் நடுவே எண்பது சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். தவறவிட்டேன். இடது ஓரத்தை லேசாகத் தொட்டுவிட்டு, வேறெங்கோ அவசர வேலை இருப்பதுபோல் பந்து அப்பால் போய்விட்டது. ஜோடிக்கு ஜோடி ஆட்டத்தில் அந்த ஒரு புள்ளியில் தோற்றோம். தோற்ற ஜோடி ஜெயித்த ஜோடிக்கு மட்டன் பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து அதற்குள் குழம்பு ஊற்றித் தரும் டர்பன் சாப்பாடு) வாங்கித் தர வேண்டும் என்பது எங்கள் சனிக்கிழமைச் சட்டம்.

என் ஜோடி, மனைவியின் தாய்மாமா. எழுபதைத் தாண்டியவர், டர்பனில் இந்தியர் வாழும் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவர், சிறுவயதில் வெள்ளையர் மைதானங்களில் ஆட்டக்காரர்களின் மட்டைப் பை தூக்கிக் காசு சேர்த்தவர். தேவாரத்தைப் பிழையில்லாமல் பாடுவார், பேச்சு மட்டும் ஆங்கிலத்தில்தான் ஓடும். டர்பனில் அவர் தலைமுறையில் பலர் அப்படித்தான். அவர் பேசியதை இங்கே நான் தமிழாக்கித் தருகிறேன். ரொட்டியைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்துக்கொண்டே சொன்னார்: “மாப்பிள்ளை, கடைசிப் பந்து போனதில் எனக்கு வருத்தமில்லை. பதினெட்டு கிரீனிலும் பதினெட்டு விதமாக நின்றீர்கள். ஒன்றில் நான்கு ஒத்திகை, ஒன்றில் ஒத்திகையே இல்லை. ஒன்றில் நாய் மோப்பம் பிடிப்பதுபோல் குனிந்து பார்த்தீர்கள். இன்னும் ஆறு வாரத்தில் கோயில் மண்டப நிதிக்கான போட்டி. அதற்குள் ஏதாவது ஒரு சடங்கைத் தேர்ந்தெடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். எது என்று நான் சொல்லமாட்டேன்.”

அந்த ஆறு வாரத்தில் மூன்று முறைகளை மாற்றி மாற்றி ஆடிப் பார்த்தேன். அதன் கணக்குதான் இது.

கோல்ஃப் பக்கமே வராதவர்களுக்கு ஒரு வார்த்தை. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்பரப்புதான் கிரீன். அதில் பந்தை உருட்டும் அடிக்குப் பட் என்று பெயர், உருட்டும் மட்டைக்குப் பட்டர். பட்டர் என்றதும் ஸ்ரீரங்கம் நினைவுக்கு வந்தால் தவறில்லை. அங்கேயும் ஒருவர் தினமும் அதே காரியத்தை அதே வரிசையில் செய்கிறார். வெளியே கூட்டம் எவ்வளவு நின்றாலும் வரிசை மாறுவதில்லை. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், பந்தினுடையது சுமார் 43. இடம் தாராளமாக இருப்பதுபோல் தோன்றும். ஆனால் பந்து கிளம்பும்போதே திசை ஒரு டிகிரி பிசகினால், மூன்று மீட்டர் போவதற்குள் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் விலகிவிடும். குழியின் நடுவிலிருந்து ஓரம் வரை உள்ள தூரமே 5.4 சென்டிமீட்டர்தான்.

சடங்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இரண்டு கதைகள் சொல்வேன். இரண்டிலும் நம் தென்னாப்பிரிக்கர்கள் வருகிறார்கள்.

2001 யு.எஸ். ஓபன், டல்சா நகரின் சதர்ன் ஹில்ஸ் மைதானம், கடைசிக் கிரீன். அமெரிக்கர் ஸ்டூவர்ட் சிங்க் ஒரு பட்டைத் தவறவிட்டார். மீதி இருந்தது அரை மீட்டருக்கும் குறைவு. அதே கிரீனில் நம் ரெட்டீஃப் கூசன் கோப்பைக்கான பட்டை அடிக்கக் காத்திருந்தார். அவருக்கு வழிவிட்டு ஒதுங்கிவிடலாம் என்று சிங்க் அதை அவசரமாகத் தட்டினார். உள்ளே போகவில்லை. பிறகுதான் வேடிக்கை. கூசன் சுமார் மூன்றரை மீட்டரிலிருந்து மூன்று பட் அடித்து, கையிலிருந்த கோப்பையை நழுவவிட்டு, மறுநாள் மார்க் புரூக்ஸுடன் பிளேஆஃப், அதாவது சமநிலையைத் தீர்க்கும் ஆட்டம், ஆடும்படி ஆயிற்று. அதில் அவர் ஜெயித்தார் என்பது வேறு. சிங்க் அந்த அரை மீட்டரை மற்றப் பட்களைப் போலவே நின்று நிதானித்து அடித்திருந்தால், மறுநாள் மூன்றாவது ஆளாக அவரும் அங்கே நின்றிருப்பார்.

இன்னொன்று 2016 மாஸ்டர்ஸ். முதல் நாள், முதல் குழி. எர்னி எல்ஸுக்கு மீதி ஒரு மீட்டர் அளவுதான். அங்கிருந்து ஆறு பட். அந்தக் குழிக்கு அட்டையில் மொத்தம் ஒன்பது மட்டையடி. நான்கு பெரிய பட்டங்கள் வென்ற கை அது. அவருக்கு ஏன் அப்படி ஆயிற்று என்று காரணம் சொல்ல நான் யார்? ஆனால் அந்தக் காணொளியைப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். முதலிரண்டு தவறுக்குப் பிறகு ஒவ்வொரு தட்டும் முந்தையதைவிடச் சீக்கிரம் வருகிறது.

ஆகவே நான் தேடியது பந்தை உள்ளே போட்டுத்தரும் மந்திரத்தை அல்ல. அப்படி ஒன்று கிடையாது. அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றில் ஆடுபவர்களே இரண்டரை மீட்டர் தூரத்திலிருந்து ஏறக்குறைய பாதியைத்தான் போடுகிறார்கள். நான் தேடியது, மனம் கலங்கிய நாளிலும் கலையாத ஒரு வரிசையை. அதனால் மூன்றையும் ஒரே கேள்வி கேட்டுத்தான் அளந்தேன்: “இங்கேதான், இவ்வளவு வேகத்தில்தான்” என்று முடிவெடுத்த நொடிக்கும் மட்டை பந்தைத் தொடும் நொடிக்கும் நடுவே எத்தனை வேலை பாக்கி இருக்கிறது? அந்த இடைவெளியில்தான் சந்தேகம் குடியேறுகிறது. வாடகை கொடுக்காத குடித்தனக்காரன். ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் வெளியேற்ற முடியாது.

முதலில் பந்தின் கோடு. பந்தின் மேல் அச்சிட்ட கோட்டையோ, நாமே மார்க்கர் பேனாவால் போட்ட கோட்டையோ, பந்து கிளம்ப வேண்டிய திசையில் திருப்பி வைப்பது. விதிப்படி தடையில்லை. பந்து கிடந்த இடத்துக்கு அடையாளமாக நாணயம் வைத்துப் பந்தை எடுத்துத் துடைத்துத் திரும்ப வைக்கும்போது எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம். நேர்ப் பட்டில், இரண்டு மீட்டருக்குள், நல்ல வழவழப்பான கிரீனில் இதைவிட நம்பிக்கை தரும் முறை இல்லை. எங்கே குறிவைப்பது என்ற கேள்விக்கு மேலே நின்று பதில் தேட வேண்டாம், பதில் பந்திலேயே எழுதியிருக்கிறது.

ஆனால் எழுதுவதற்கு ஆகும் நேரம்! குந்துகிறேன், கோட்டைத் திருப்புகிறேன், பின்னால் போய்ப் பார்க்கிறேன், சற்று வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது, திரும்ப வந்து குந்துகிறேன். மூன்றாவது முறை குந்தியபோது என் முழங்கால் போட்ட சத்தம் எதிர் ஜோடிக்கே கேட்டது. கடைசியில் நிமிர்ந்து பந்தின் மேல் நின்றால், பின்னாலிருந்து நேராகத் தெரிந்த கோடு மேலிருந்து பார்க்கையில் கோணலாகத் தெரிகிறது! கண் பந்துக்கு நேர் மேலே இல்லாவிட்டால் அப்படித்தான் தெரியும். கோட்டை நம்புவதா, கண்ணை நம்புவதா என்று அங்கேயே வழக்கு தொடங்கிவிடும். முடிவெடுத்தாயிற்று என்று நினைத்த பிறகு இன்னொரு முடிவு.

நாங்கள் ஆடுவது பொது மைதானம், பெயர் வேண்டாம். அங்கே காலையில் ஹதீதா பறவைகள் கூட்டமாக இறங்கி, நீண்ட அலகால் கிரீனைக் குத்திப் புழு தேடும். அப்படிப்பட்ட தரையில் பந்து முதல் ஒரு மீட்டரிலேயே இரண்டு முறை துள்ளும். ஒரு டிகிரி சுத்தமாகக் கோட்டைத் திருப்பி வைத்துவிட்டுத் துள்ளலிடம் ஒப்படைப்பது, பட்டு வேட்டி கட்டிக்கொண்டு நாற்று நடப் போவது போல. நீளமான பட்டிலோ கோட்டுக்கு வேலையே இல்லை. பத்து மீட்டரில் நம்மைப் போன்றவர்கள் மூன்று பட் அடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் திசை அல்ல, தூரம். கோடு தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது.

இரண்டாவது, பாதத்தால் சரிவை அளக்கும் முறை. எய்ம்பாயின்ட் என்று பெயர், உருவாக்கியவர் மார்க் ஸ்வீனி. டிவியில் பார்த்திருப்பீர்கள்: ஆட்டக்காரர் பாதிவழியில் கோட்டின் இருபுறமும் கால் வைத்து நின்று, எதையோ நினைவுபடுத்திக்கொள்பவர் போல் கண்ணை எங்கோ வைத்திருப்பார். பிறகு பந்துக்குப் பின்னால் வந்து, கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, குழிக்குப் பக்கத்தில் இரண்டு விரலோ மூன்று விரலோ பிடித்துப் பார்ப்பார். கால் சொன்ன சரிவுக்கு ஓர் எண். எண்ணுக்கு அத்தனை விரல். கடைசி விரலின் ஓரம் எங்கே விழுகிறதோ அங்கே குறி. காலின் மோரிகாவா, ஆடம் ஸ்காட் போன்றவர்கள் இதை நம்புகிறார்கள். 2009-இல் யு.எஸ். ஓபன் வென்ற லூகஸ் குளோவரோ, ஆட்டத்தைத் தாமதமாக்குகிறது, தடை செய்யுங்கள் என்று 2025-இல் வெளிப்படையாகவே சொன்னார்.

இந்த முறையைக் கிண்டல் செய்யத்தான் தொடங்கினேன். மாமா முதல் நாள் என்னைப் பார்த்து, “தீமிதிக்குப் பழகுகிறீர்களா?” என்று கேட்டார். ஆனால் நான்காவது குழியில் ஒன்று நடந்தது. அந்தக் கிரீன் வலப்பக்கம் சரிகிறது என்று ஆண்டுக்கணக்காக எல்லோரும் நம்பி வந்தோம். பின்னால் மேடு, மேட்டில் மரங்கள், கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். கால் விரித்து நின்றேன். இடது பாதத்தில் பாரம். நகர்ந்து மறுபடி நின்றேன். இடதுதான். இடப்பக்கம் சாயும் என்று கணக்கிட்டு அடித்தேன். குழியின் விளிம்பில் போய் நின்றது, வலப்பக்கம் துளியும் சாயவில்லை. இத்தனை நாள் அந்தக் கிரீனில் எங்களை ஏமாற்றியது தரை அல்ல, மரங்கள். கண்ணைச் சுற்றியிருக்கும் காட்சி ஏமாற்றலாம், உள்ளங்காலை ஏமாற்றுவது கடினம்.

பிறகு ஏன் இதை முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை? விரல்தான் காரணம். ஒரே சரிவில் வேகமான கிரீனில் பந்து அதிகம் வளையும், மெதுவான கிரீனில் குறைவாக வளையும். அதற்கேற்பக் கையை மடக்கியோ நீட்டியோ விரலின் அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும். பதினெட்டு கிரீனும் ஒரே வேகத்தில் இருக்கும் இடத்தில் அது ஒருமுறைச் சரிசெய்தல். எங்கள் மைதானத்தில் நிழலில் இருக்கும் கிரீன் ஒரு வேகம், வெயிலில் இருப்பது வேறு வேகம், முந்தின நாள் வெட்ட மறந்தது மூன்றாவது வேகம். அதற்கு மேல் கரையோரத்துப் புல்.

இந்தப் புல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் பெரும்பாலும் இதைத் தொடுவதில்லை. ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் பல மைதானங்களின் கிரீன்களில் பென்ட் புல். மெல்லியது, நேராக நிற்கும். டர்பனின் வெக்கைக்கும் ஈரத்துக்கும் அது எளிதில் ஒத்துவராது. இங்கே கடற்கரையை ஒட்டிய கிரீன்களில் பெர்முடா வகைப் புல், நம் ஊர் அருகம்புல்லின் சொந்தம். அது படர்ந்து வளரும், ஒரு பக்கமாகச் சாய்ந்து படுக்கும். சாய்ந்த திசையில் பந்து போனால் வழுக்கும், எதிர்த்துப் போனால் தடுக்கும், குறுக்கே போனால் வேகம் குறையும்போது அந்தப் பக்கம் இழுக்கும். பார்த்துத் தெரிந்துகொள்ள இரண்டு வழி. பந்துக்குப் பின்னாலிருந்து பார்க்கையில் புல் வெளிறிப் பளபளத்தால் சாய்வு நம்மைவிட்டு விலகிப் போகிறது. கரும்பச்சையாக இருந்தால் நம்மை நோக்கி வருகிறது. அதைவிட நிச்சயமானது குழியின் விளிம்பு. ஒரு பக்கம் கத்தியால் அறுத்ததுபோல் சுத்தமாக இருக்கும், எதிர்ப்பக்கம் பழுப்பேறிப் பிய்ந்திருக்கும். பிய்ந்த பக்கம் நோக்கித்தான் புல் படுத்திருக்கிறது. “எல்லாம் கடலைப் பார்த்துத்தான் இழுக்கும்” என்று மைதானத்துக்கு மைதானம் ஒரு பழமை பேசுவார்கள். நான் அதைப் பாதிதான் நம்புகிறேன். குழியின் விளிம்பை முழுதாக நம்புகிறேன்.

பாதம் சரிவைச் சொல்லும், புல்லின் சாய்வைச் சொல்லாது. ஆகவே விரல் கணக்கு முடிந்த பிறகும் மனக்கணக்கில் இன்னொன்றைக் கூட்டிக் கழிக்க வேண்டியிருந்தது. மாமா கைபேசியில் நேரம் பார்த்தார்: 52 வினாடி. 2019-இல் திருத்திய விதிகள், ஆடத் தடையேதும் இல்லாத நிலை வந்த பிறகு ஓர் அடிக்கு 40 வினாடிக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும், பொதுவாக அதற்கும் முன்பே அடித்துவிடலாம் என்றும் சொல்கின்றன. “பூசை நீண்டால் பிரசாதம் ஆறிவிடும், மாப்பிள்ளை” என்றார். பின்னால் வந்த நால்வர் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்கள்.

மூன்றாவது பழைய முறை. அதன் முழு உருவம் நம் பாபி லாக். 1949, 1950, 1952, 1957 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் ஓபன் வென்றவர். மரத்தண்டு வைத்த பழைய பட்டர் ஒன்றையே விடாமல் வைத்திருந்தவர். பந்துக்குப் பின்னாலிருந்து வழியைப் பார்ப்பார். பிறகு குழிப்பக்கம் போய், கடைசி ஒரு மீட்டரைக் கூர்ந்து பார்ப்பார். பந்தின் வேகம் குறைவது அங்கேதான், சரிவும் புல்லும் தங்கள் வேலையைக் காட்டுவதும் அங்கேதான். திரும்பி வந்து இரண்டு ஒத்திகை. பந்துக்கு முன் நின்று குழியை ஒரு பார்வை. அடி. எல்லாவற்றிலும் ஒரே நடை. அவர் ஆட்டம் மெதுவானது என்று குறைப்பட்டவர்கள் உண்டு. ஆனால் அவசரக்காரர் என்று அவரைக் குறை சொல்ல முடியாது.

கருவி வேண்டாம், கோடு வேண்டாம், விரல் வேண்டாம். முடிவு குழிப்பக்கத்தில் எடுத்தாயிற்று. ஒத்திகையில் கை அந்த வேகத்தைப் பழகிவிட்டது. பாக்கி ஒரு பார்வைதான். என் கேள்விக்கு இதுவே மிகச் சிறந்த பதிலாக இருந்தது. மாமாவின் கைபேசியில் 21, 23, 22 என்று வந்துகொண்டிருந்தது. அரை மீட்டருக்கும் அதே வரிசை, பத்து மீட்டருக்கும் அதே வரிசை. நடக்கும் தூரம் மட்டும் மாறும்.

குறை இல்லாமல் இல்லை. இது கண்ணை நம்பும் முறை. கண்ணுக்குப் பழக்கமில்லாதவர்கள், அதாவது நம்மில் பெரும்பாலோர், வளைவைக் குறைத்தே மதிப்பிடுகிறோம். பந்து குழியின் தாழ்ந்த பக்கமாகவே தவறிப்போகும். கோல்ஃப் ஆடத் தொடங்கி ஓர் ஆண்டு ஆகாதவருக்கு லாக் முறையை நான் சொல்லமாட்டேன். அவருக்குப் பாதமுறைதான் நல்ல ஆசிரியர்; சரிவு என்றால் என்ன என்று உடம்புக்குக் கற்றுத்தரும். நல்ல மைதானத்தில் உறுப்பினராக இருந்து, ஒரே மாதிரி வழவழப்பான கிரீனில் வாரம் மூன்று நாள் ஆடுபவருக்குக் கோடு பொருந்தும். எழுபது வயது முழங்காலுக்கு நிச்சயம் பொருந்தாது.

இன்னும் இரண்டு சில்லறை யோசனைகள் வழியில் கிடைத்தன. ஜோர்டன் ஸ்பீத் குறுகிய பட்களில் பந்தைப் பார்க்காமல் குழியைப் பார்த்தே அடித்தாரே, அது. செய்து பார்த்தேன், தூரம் அழகாக வந்தது, ஆனால் இரண்டு முறை பட்டர் தரையைத் தட்டியது. ஒத்திகையை மட்டும் குழியைப் பார்த்துக்கொண்டே செய்வதென்று வைத்துக்கொண்டேன். மற்றொன்று கால்கரி பல்கலைக்கழகத்தின் ஜோன் விக்கர்ஸ் ஆய்ந்து சொன்னது. நன்றாகப் பட் அடிப்பவர்களின் கண் அடிக்கு முன் பந்தின் மேல் இரண்டு மூன்று வினாடி அசையாமல் நிற்கிறது. அடித்த பிறகும் ஒரு கணம் அதே இடத்தில் நிற்கிறது. நம் கண்ணோ பந்து, குழி, பந்து, பட்டர், எதிராளியின் செருப்பு என்று அலைகிறது. இது தனி முறை அல்ல, எந்த முறையின் வாலிலும் கட்டிக்கொள்ளலாம்.

சடங்கு எங்கே முடிய வேண்டும் என்று எல்லோரும் யோசிக்கிறார்கள், எங்கே தொடங்க வேண்டும் என்று யோசிப்பவர்கள் குறைவு. 2010-இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் நம் லூயி ஊஸ்தாய்சன் ஏழு மட்டையடி வித்தியாசத்தில் பிரிட்டிஷ் ஓபன் வென்றபோது அவருடைய கையுறையில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. அதைப் பார்த்ததும் மனம் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு. பட் அடிக்கும்போது என் கையுறை பின்பாக்கெட்டில் இருக்கும். ஆகவே எனக்குப் புள்ளி நாணயம்தான். பழைய ஐந்து ராண்ட் காசு, ஒருபுறம் வில்ட்பீஸ்ட் மாடு. அதைப் பந்துக்குப் பின்னால் வைத்ததும் பேச்சு நிற்கும். அதை எடுத்ததும் முடிவு முடிந்தது, இனி யோசனை இல்லை.

நாணயத்தை இவ்வளவு நம்பலாமா என்றால், அதற்கும் லாக் ஒரு கதை வைத்திருக்கிறார். 1957, அதே செயின்ட் ஆண்ட்ரூஸ், கடைசிக் கிரீன். கூட ஆடியவரின் வழியில் தன் அடையாளம் கிடந்ததால் அதை ஒரு பட்டர் தலையளவு நகர்த்தி வைத்தார். தன் முறை வந்தபோது திரும்ப நகர்த்த மறந்து, தவறான இடத்திலிருந்தே பந்தை உள்ளே போட்டுவிட்டார். அவருக்கு மூன்று மட்டையடி முன்னிலை இருந்தது. அந்த மறதியால் அவருக்கு எந்த லாபமும் இல்லை என்று குழு முடிவை அப்படியே விட்டது. உலகிலேயே மிக ஒழுங்கான வரிசை கொண்டவருக்கு, வரிசைக்குள் யாரோ ஒரு புதிய வேலையைச் செருகியபோது இப்படி. அதனால் நாணயத்தை நகர்த்த நேரும்போதெல்லாம் மாட்டுத் தலையைக் கவிழ்த்து வைக்கிறேன். கவிழ்ந்திருந்தால் கடன் பாக்கி என்று அர்த்தம்.

மாமாவுக்கு இந்த ஆராய்ச்சி எல்லாம் கொஞ்சம் சிரிப்புதான். அவருக்குத் தெரிந்த ஒரே பாடம் பாப்வா சேவ்கோலம். டர்பனில் பை தூக்கி வளர்ந்த இந்திய வம்சாவளிப் பையன். வலக்கைக்காரனாக இருந்தும் இடக்கையைக் கீழே வைத்து மட்டையைப் பிடித்தவர். தலைகீழ்ப் பிடி என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பிடியோடு டச்சு ஓபனை 1959, 1960, 1964 என்று மூன்று முறை வென்றார். 1963-இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓபனை வென்றபோது, நிறவெறிச் சட்டத்தின் காலம், கிளப் கட்டடத்துக்குள் அவரை விடவில்லை. வெளியே மழையில் நிறுத்திக் கோப்பையைக் கொடுத்தார்கள். 1965-இல் அதே போட்டியில் கேரி பிளேயரைத் தோற்கடித்தார். “தப்பான பிடி, ஆனால் தினமும் அதே தப்பு” என்பார் மாமா. இன்றைக்கு அந்த இடக்கை கீழே வைக்கும் பிடியைப் பட்டிங்குக்கு எத்தனையோ தொழில்முறை ஆட்டக்காரர்கள் பிடிக்கிறார்கள், ஸ்பீத் உட்பட. யாரும் அதைத் தலைகீழ் என்று சொல்வதில்லை.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். உடல் லாக்குடையது, பாதம் மட்டும் ஸ்வீனியுடையது. நாணயம் வைக்கிறேன். குழிப்பக்கம் போய் விளிம்பைப் பார்க்கிறேன், புல் எந்தப் பக்கம் படுத்திருக்கிறதென்று. திரும்பி வரும் வழியில் நடுவில் ஒருமுறை நிற்கிறேன், எந்தக் காலில் பாரம் என்று மட்டும் கேட்டுக்கொள்ள. எண் இல்லை, விரல் இல்லை. இடமா வலமா, கொஞ்சமா நிறையவா, அவ்வளவே. பந்தை வைத்து நாணயத்தை எடுக்கிறேன். குழியைப் பார்த்தபடி இரண்டு ஒத்திகை. கோடு போட்ட பந்துகளை மச்சினனுக்குக் கொடுத்துவிட்டேன்; அவனுக்கு முப்பது வயது, முழங்கால் நன்றாக இருக்கிறது. பிப்ரவரி வெக்கையில் கை வழுக்குவதால் நாணயத்தைத் தொடுவதற்கு முன் துண்டில் கையைத் துடைப்பதும் வரிசையில் சேர்ந்துவிட்டது. இடையில் எது குறுக்கிட்டாலும் பாதியிலிருந்து தொடர்வதில்லை, நாணயத்திலிருந்தே தொடங்குகிறேன். அதுதான் இந்த முறைகளில் குட்டையானதைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணமும்கூட: 52 வினாடிச் சடங்கை இரண்டாம் முறை தொடங்க யாருக்கும் முகம் இருக்காது, 22 வினாடியை வெட்கமில்லாமல் தொடங்கலாம்.

போட்டி அடுத்த ஞாயிறு. நேற்று மாலை கடைசி ஒத்திகைக்குப் போனோம். பதினெட்டாவது கிரீன், ஏறக்குறைய அதே எண்பது சென்டிமீட்டர்; மாமா வேண்டுமென்றே அங்கே பந்தைப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். விளிம்பு பார்த்தேன், கால் வைத்தேன், நாணயத்தை எடுத்தேன், இரண்டாவது ஒத்திகை முடிந்து பந்துக்கு முன் நின்றேன். தலைக்கு மேல் ஒரு ஹதீதா தொண்டை கிழியக் கத்திக்கொண்டு போனது. விலகினேன். நாணயத்தைத் திரும்ப வைத்தேன். துண்டு, விளிம்பு, கால், நாணயம், இரண்டு ஒத்திகை, ஒரு பார்வை.

பந்து உள்ளே விழுந்த சத்தத்துக்கு மாமா தலைநிமிரவில்லை, கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். “இருபத்திரண்டு” என்றார். “பறவைக்கு ஆன நேரத்தைக் கழித்துவிட்டேன்.”